யாழினிக்கு மாத்திரை கொடுப்பதா?

மருத்துவமனை வராந்தாவில் ஒருநாள் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் பக்கம் குனிந்து, "நீங்க மாத்திரை ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அவருடைய குழந்தை நாற்காலி வரிசைக்கு அடியில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தது.

"ஆரம்பிச்சிட்டோம்" என்றேன்.

"குடுக்கலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிடாமல் இருந்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கொடுங்கள் என்றோ கொடுக்காதீர்கள் என்றோ சொல்லும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை வேண்டுமானால் சொல்லலாம். அந்தப் பெண்ணைப் போல இன்னும் எத்தனையோ பேர் ஏதாவதொரு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

நாங்கள் இருப்பது முடிச்சூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். நான் மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவர் பிரபுவுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாமனார் எங்களோடு இருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒரே மகள் யாழினி. இந்தக் கதை தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயது முடிந்து, முதல் வகுப்பில் இருந்தாள்.

அவள் நடக்கப் பழகியதே ஓட்டமாகத்தான். ஒரு வாய் சோறு வாங்கிக்கொண்டு ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் அடுத்த வாய் வாங்குவாள். வாய் மூடாது. குடியிருப்புக்கு வரும் தண்ணீர் லாரியைப் பற்றி ஒரு பெரிய கதை வைத்திருந்தாள். அந்த லாரிக்கு ஓர் அம்மா உண்டு, அம்மா ஏரியில் இருக்கிறாள், லாரி தினமும் அவளிடம் போய் அழுதுவிட்டு வருகிறது, அதனால்தான் வழியெல்லாம் ஒழுகுகிறது. கதை நடுவில் ஒரு பல்லி வந்துவிடும். பிறகு பல்லியின் கதை. எதுவும் முடியாது. நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்போம். "செம சுட்டி உங்க பொண்ணு" என்று பக்கத்து வீடுகளில் சொல்லும்போது பெருமையாகவும் இருந்தது.

ஒரு மாலை, குடியிருப்பின் இரும்பு கேட்டில் ஏறி நின்று ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தாள். கீழ்த்தளத்துக்காரர் காரை உள்ளே திருப்பினார். கேட் அசைந்தது. அவள் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். நான் படியிறங்கி ஓடியபோது இடது முழங்கை, கை மடங்கக் கூடாத திசையில் மடங்கிக் கிடந்தது.

ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து நகர்ந்துவிட்டது, மயக்க மருந்து கொடுத்து, கம்பி வைத்து நேர்ப்படுத்த வேண்டும் என்றார்கள். பிரபு கையெழுத்துப் போட்டார். அறுவை நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் துன்பம் தொடங்கியது.

கையை அசைக்காமல் உயர்த்தி வைத்துப் படுத்திருக்க வேண்டும். வேறொன்றும் இல்லை, அது ஒன்றுதான். ஆனால் அவளால் அது முடியவில்லை. மயக்கம் தெளிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலின் கம்பியில் காலைப் போட்டாள். மறு கையில் ஏற்றியிருந்த டிரிப்ஸ் குழாயைப் பல்லால் கடித்து இழுத்தாள். ஊசி நகர்ந்து கை வீங்கியது. வேறு இடத்தில் குத்தினார்கள். அதையும் இழுத்தாள். அதே வார்டில் கால் முறிந்து கிடந்த அவள் வயதுப் பெண் குழந்தை ஒன்று, போனில் பொம்மைப் படம் பார்த்தபடி அசையாமல் இருந்தது. யாழினிக்கும் போனைக் கொடுத்தோம். ஐந்து நிமிஷத்தில் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்த கட்டிலுக்குத் தாவப் பார்த்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் பிடிச்சுக்க மாட்டீங்களா?" என்றார் நர்ஸ். "இன்னொரு தடவ குத்தறதுக்கு எனக்கு நரம்பு கெடைக்காது."

"பிடிச்சுக்கிட்டுத்தான் சிஸ்டர் இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லை என்று சொல்லி, ஒரு மெல்லிய துணியால் அவளது நல்ல கையைக் கட்டிலின் பக்கக் கம்பியோடு கட்டினார். யாழினி கத்தவில்லை. கட்டிய கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் வேணும்னு பண்ணலம்மா" என்றாள். "கை தானா போவுது."

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். கட்டின் முடிச்சுக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் தளர்த்தினேன்.

அடுத்த நாள் காலை, பக்கத்து வீட்டில் செய்து கொடுத்த ரசம் சாதத்தோடு மாமா வந்தார். நான் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வார்டின் ஜன்னலில் பார்த்தால் ரயில் பாதை தெரியும். "பாப்பா, அடுத்து வர்றது பீச் வண்டியா, செங்கல்பட்டு வண்டியா, சொல்லு" என்று ஆரம்பித்தார். ரயில் வரும்வரை அசையாமல் இருந்தால்தான் பந்தயம் செல்லும். அவளால் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே அசையாமல் இருக்க முடிந்தது. அப்படி ரயில் ரயிலாக அந்தப் பகலைக் கடத்தினார். அந்த நேரத்தில்தான் நான் பெஞ்சில் கண்ணை மூடினேன்.

டிஸ்சார்ஜ் அன்று எலும்பு டாக்டர், சீட்டை எழுதிக்கொண்டே கேட்டார்: "புருவத்துல தழும்பு இருக்கே, அது?"

"டீப்பாய்ல இடிச்சுக்கிட்டா. மூணு வயசுல."

"முன்பல்?"

"படியில விழுந்தா."

பேனாவை மூடி வைத்தார். "எலும்பு சேர்ந்துடும். அதப் பத்திக் கவலப்படாதீங்க. ஆனா ஒரு குழந்தைகள் மனநல டாக்டரப் பாருங்க. எலும்பு டாக்டர் சொன்னதுதானேன்னு தள்ளிப் போடாதீங்க."

மனநலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பிரபுவின் முகம் இறுகிவிட்டது. "கை ஒடஞ்சதுக்குக் காட்டினா தலையப் பாருங்கறாரு" என்று மட்டும் சொன்னார்.

கை கட்டுப் பிரித்த பிறகுதான் மனநல டாக்டரிடம் போனோம். அந்த டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தது என் வாழ்க்கையின் மிக நீளமான காத்திருப்பு. மற்ற டாக்டர்களின் வாசலில் குழந்தைகள் வாடி உட்கார்ந்திருக்கும். இங்கே யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு குழந்தை தண்ணீர் டிரம்மின் குழாயைத் திறந்து திறந்து மூடியது. யாழினி லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். அம்மாக்கள் எல்லாரும் தத்தம் குழந்தையின் பெயரை ஒரே தொனியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரலும் அப்படித்தான் ஆகிவிட்டது என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. அவசரப்படவில்லை. முதல் நாள் பேசிவிட்டு, எங்களுக்கும் பள்ளி ஆசிரியைக்கும் கேள்வித்தாள்கள் கொடுத்தனுப்பினார். காது, கண் பரிசோதனை செய்யச் சொன்னார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். உளவியலாளர் ஒருவர் கட்டைகளும் படங்களும் வைத்து அவளோடு இரண்டு காலைகள் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து கூப்பிட்டபோது, ஏ.டி.எச்.டி. என்றார். கவனச் சிதறலும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்தது.

"புத்தி நல்லா இருக்கு. சொல்லப்போனா வயசுக்கு மேலயே இருக்கு" என்றார். "கவனம் இல்லாத குழந்தைன்னு நெனைக்காதீங்க. எல்லாத்து மேலயும் கவனம் போகுது, அதான் பிரச்சனை. ஃபேன் சத்தம், என் வளையல், வெளிய போற ஆட்டோ, எல்லாமே அவளுக்கு ஒரே அளவுல முக்கியம். இது இப்ப வேணாம்னு தள்ளி வெக்கிற வேலைய மூளையில ஒரு பகுதி செய்யணும். அது இவளுக்கு மெதுவா வளருது."

"நாங்க வளத்ததுல ஏதாவது தப்பா?" என்று பிரபு கேட்டார். அவர் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இல்ல. வளர்ப்பால வர்றது இல்ல."

மருந்து உண்டு என்றார். மூளையின் அந்தப் பகுதி விழித்து வேலை செய்ய உதவும். தூங்க வைக்கும் மருந்து அல்ல, சொல்லப்போனால் அதற்கு எதிர். குணப்படுத்தாது. எடுக்கும் நாளில் மட்டும் வேலை செய்யும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், சில குழந்தைகள் கலகலப்பு குறைந்து தங்களுக்குள் சுருங்கிப் போகலாம். "இப்பத்தான் ஆறு முடிஞ்சிருக்கு. முதல்ல பயிற்சி பண்ணிப் பாப்போம். போதலன்னா அப்புறம் பேசுவோம்" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது போலிருந்தது. முடிவெடுக்க வேண்டாம் என்பதே அன்று பெரிய வரமாகத் தெரிந்தது.

வாரம் இரண்டு முறை கூடுவாஞ்சேரியில் ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். நாலு பக்கமும் கயிறு கட்டிய பலகையில் ஆடுவாள், கனமான பந்தைத் தள்ளுவாள், பாசிமணி கோப்பாள். எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். செய்ததும் உடனே பாராட்ட வேண்டும். ஆடிட் சீசனில் அரை நாள் விடுப்புக்கு நான் கெஞ்சிய கெஞ்சல் கொஞ்சமல்ல. பிரபு இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து, என்னை மாற்றிவிட்ட நாட்கள் உண்டு. பலன் இல்லாமலில்லை. செருப்பை அதற்கான இடத்தில் விட ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு சுற்று குறைந்தது.

ஆனால் பள்ளியில் ஒன்றும் மாறவில்லை. வகுப்பாசிரியை நல்லவர். நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்துக்கொண்டு திணறுகிறவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், எனக்கு அவளப் பிடிக்கும். அதனால சொல்றேன். இப்பல்லாம் கிளாஸ்ல எது தொலைஞ்சாலும், எது ஒடஞ்சாலும், பசங்க யாழினின்னு சொல்றாங்க. அவ பண்ணாததுக்கும். அவளும் இப்ப ஆமான்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா."

அதைப் பிரபுவிடம் சொன்னேன். மாமாவிடம் சொல்லவில்லை. மருந்துப் பேச்சு வந்தபோதே அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவருடைய தம்பி முப்பது வயதில் தூக்கத்திலேயே இறந்து போனவர். காரணம் தெரியாமலே எரித்துவிட்டார்கள். இந்த மருந்து இதயத் துடிப்பைக் கூட்டும் என்று யாரோ அனுப்பியதைப் போனில் படித்துவிட்டு, "எங்க வம்சத்துல நெஞ்சு சரியில்லம்மா" என்றார். "ஓடுற கொழந்த ஓடட்டும். நின்னுட்டா என்னா பண்ணுவ?"

பிறகு கோவளம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாம் என்று, கேளம்பாக்கம் வழியாக அந்தக் கடற்கரைக்கு நாங்கள் மூவரும் காரில் போனோம். கரையில் படகுகள் வந்துகொண்டிருந்தன. மணலில் விரித்த தார்ப்பாயில் மீன்களைக் கொட்டி ஏலம் விட்டார்கள். யாழினியின் கையை நான் பிடித்திருந்தேன். பணம் எடுப்பதற்காகப் பிரபுவிடம் மாற்றினேன். அந்தக் கைமாற்றத்தில் அவள் போய்விட்டாள்.

ஒரு டிராக்டர் படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. படகு மணலில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் முன்னால், கயிற்றைத் தாண்டிக் குதிப்பதற்காக, யாழினி சிரித்துக்கொண்டே ஓடினாள். நான் கத்தினேன். கடல் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிரபு ஓடினார். அவர் போய்ச் சேரும் தூரமில்லை அது. மேலே சட்டையில்லாத ஒரு மீனவர், பக்கத்துப் படகிலிருந்து குதித்து, அவள் தலைமுடியோடு சேர்த்துச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இருவரும் மணலில் விழுந்தார்கள். படகு அவர்களைத் தாண்டிப் போய் நின்றது.

அவர் எழுந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, என் எதிரில் இறக்கினார்.

"இன்னாமா, புள்ளய வுட்டுட்டு இன்னா பண்ணிகினு கீற?" என்றார். "ஒரு நிமிசம் லேட்டாயிருந்தா இன்னா ஆயிருக்கும்? கைய புட்ச்சிகினு இருக்க மாட்டியா?"

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அவரிடமும் சொல்லப் போனேன். அதற்குள் பிரபு அவரைக் கும்பிட்டார். அவர் யாழினியின் தலையைத் தடவிவிட்டு, திட்டிக்கொண்டே படகுக்குத் திரும்பினார்.

மீன் வாங்கவில்லை. காரில் வந்து உட்கார்ந்தோம். யாழினி பின்சீட்டில் முடியிலிருந்து மணலை உதறியபடி, கயிறு எவ்வளவு பெரிசு தெரியுமா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப் பொறுத்தவரை எதுவும் நடந்திருக்கவில்லை. பிரபு வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"குடுத்துடலாம்" என்றார்.

"மாமா?"

"அப்பாட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஏதாவது ஆயிட்டா?"

"இப்ப மட்டும் ஆகலியா?" என்றார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் முடிவெடுத்தோம் என்று சொல்ல முடியாது. எங்கள் கையில் வேறு ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

மாமா கேட்டுக்கொண்டார். சண்டை போடவில்லை. "நெஞ்சப் பாத்துட்டுக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். டாக்டரிடம் மாமாவின் தம்பியைப் பற்றிச் சொன்னதும், அவரே ஈ.சி.ஜி. எடுத்து இதய டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றார். நெஞ்சில் கவ்விகளை ஒட்டி இதயத் துடிப்பைக் கோடாக வரையும் பரிசோதனை. வலி கிடையாது. ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

முதல் தடவை கோடு தாறுமாறாக வந்தது. இரண்டாவது தடவை கவ்வியைப் பிடுங்கினாள். மூன்றாவது தடவை டெக்னீஷியன் பெருமூச்சு விட்டபோது, பிரபு சட்டையைக் கழற்றினார். "எனக்கும் ஒட்டுங்க சார்" என்று பக்கத்துக் கட்டிலில் படுத்தார். அந்த இளைஞர் சிரித்துவிட்டு, பழைய கவ்விகளை அவர் நெஞ்சில் சும்மா ஒட்டினார்.

"யாழி, யாருது முதல்ல முடியுதுன்னு பாப்போமா? மூச்சு மட்டும் விடலாம்."

அப்பாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே அவளும் மூச்சு விட்டாள். கோடு சீராக வந்தது. இதய டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்தத் தாளை மாமா வாங்கிக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது.

மருந்தின் பெயர் மெத்தில்ஃபெனிடேட். எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் சீட்டை நீட்டினேன். வழக்கமாகச் சிரித்துப் பேசும் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு என்னை இன்னொரு தடவை பார்த்தார். "இது எங்ககிட்ட வராதுங்க. இதுக்குத் தனி லைசென்ஸ் வேணும். பெரிய ஆஸ்பத்திரில கேளுங்க" என்று சீட்டைத் திருப்பித் தந்தார். திருட்டுச் சாமான் கேட்டவள் போல நான் அந்தக் கடையைவிட்டு இறங்கினேன். கடைசியில் டாக்டரின் மருத்துவமனையிலேயே, சீட்டின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸில் இதெல்லாம் சேராது என்று அங்கேயே சொன்னார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை தொடங்கினோம். டாக்டர் சொன்னபடி, வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து. நான் சமையலறைக்குப் போனபோது மாமா ஏற்கெனவே அங்கே இருந்தார். அடுப்பில் தோசைக்கல். அவர் சமையலறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"மாத்திரை உள்ள போனா பசிக்காதுன்னு சொன்னியே" என்றார். "முன்னாடியே ரெண்டு போட்டுடுவோம்."

நெய் விட்டு, ஓரம் கிழிந்த தோசைகள். யாழினி அவற்றைத் தின்றாள். பிறகு நான் மாத்திரையைக் கொடுத்தேன். மாமா வெளியே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் நானும் பிரபுவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளிக்கு ஆளுக்கொரு வேலை செய்கிறமாதிரி நடித்தோம். அவள் வண்ணப் பென்சில் பெட்டியைத் திறந்தாள். ஒரு வீடு வரைந்தாள். வீட்டுக்கு வண்ணம் தீட்டினாள். கூரைக்குத் தீட்டினாள். பிறகு வானத்துக்கு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, விடாமல். அவள் பிறந்ததிலிருந்து ஒரு படத்தை முடித்து நான் பார்த்ததில்லை. பென்சில் தாளில் உரசும் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டது. பிரபு என்னைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று இருவருக்கும் தெரிந்தது. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் மகளை அவளே இல்லாத ஒரு குழந்தையாக மாற்றிவிட்டோமா என்றும் இருந்தது. இந்தக் குழந்தையை இத்தனை நாள் உள்ளே பூட்டி வைத்திருந்தோமா என்றும் இருந்தது.

பள்ளியிலிருந்து நல்ல சேதிகள் வந்தன. "மேடம், இன்னிக்குப் பூராவும் எழுதிட்டா. பக்கத்துப் பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்தா" என்று ஆசிரியை குரல் பதிவு அனுப்பினார். கொஞ்ச நாளில் டாக்டர், பள்ளி நேரம் முழுக்க மெல்ல வேலை செய்யும் வகைக்கு மாற்றினார். மதிய டப்பா அப்படியே திரும்பி வர ஆரம்பித்தது. கன்னம் வற்றியது. விரல் நுனிகளில் தோலை உரித்து உரித்துப் புண்ணாக்கிக்கொண்டாள். மாலையில் மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில், வேனிலிருந்து இறங்கியதும் அழுவாள். ஷூ கழற்ற வரவில்லை என்று அழுவாள். தாத்தா லேட்டாக வந்தார் என்று அழுவாள். மாமா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் ஓயும்வரை கார் நிறுத்துமிடத்தில் நடப்பார். மேலே பால்கனியில் நான் நிற்பது தெரிந்தும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

ஒருநாள் தண்ணீர் லாரி வந்து நின்றது. "அதோட அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

யாழினி எட்டிப் பார்த்தாள். "அது லாரிம்மா" என்றாள்.

அன்று மாலையே டாக்டருக்குப் போன் செய்தேன். நேரில் வரச் சொல்லி எடை பார்த்தார், நாடி பார்த்தார், அளவைக் குறைத்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு அவளிடமே கேட்டார்: "மாத்திரை போட்டா உனக்கு எப்படி இருக்கு யாழினி?"

அவள் காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். "முன்னாடி எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க" என்றாள். "இப்ப ஒவ்வொருத்தரா பேசறாங்க."

நாங்கள் எல்லாரும் மாறிவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அது நல்லா இருக்கா?"

"ம். ஆனா எனக்கு விளையாட வரமாட்டேங்குது. வெளிய நின்னு பாக்கறமாதிரி இருக்கு."

டாக்டர் எழுதிக்கொண்டார். குறைத்த அளவில் சில வாரம் பார்க்கலாம், விடுமுறை நாட்களில் நிறுத்திப் பார்க்கலாம், வேறு வகை மருந்தும் இருக்கிறது என்றார். "எது சரின்னு நீங்களே சொல்லுங்களேன் டாக்டர்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டுலயும் நஷ்டம் இருக்கும்மா. எந்த நஷ்டம் கம்மின்னு அவ வளர வளரத்தான் தெரியும். அதுவரைக்கும் பாத்துப் பாத்துத்தான் போகணும்."

காலாண்டு விடுமுறையில் மாத்திரையை நிறுத்தினோம். இரண்டாம் நாளே அவள் சோபாவின் முதுகில் நடந்தாள். மூன்று வேளையும் பசிக்கிறது என்றாள். கன்னம் கொஞ்சம் தேறியது. கண்ணாடி ஜாடி ஒன்று உடைந்தது. வீட்டைவிட்டு எங்கும் அழைத்துப் போகவில்லை. வாசல் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டு, நாங்கள் மூவரும் முறை வைத்துக் காவல் இருந்தோம். மாமாவுக்கு அந்த நாட்களில் மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு தடவைகூட, பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. நிறுத்தியது நல்லது என்றும் சொல்லவில்லை. அவருக்கும் பிடி கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பள்ளி திறந்த அன்று காலை தோசை தின்று முடித்தாள். சீருடையோடு நின்றவளிடம் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன். வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"இது எப்ப வரைக்கும்மா?"

"தெரியலடா."

"டாக்டர் ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கும் சரியாத் தெரியாதாம்."

"அப்பாவுக்கு?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவள் ஹால் பக்கம் திரும்பினாள். மாமா அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, உனக்கு?"

"இல்லம்மா" என்றார்.

அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். கோபமில்லை. ஏதோ பாவம் பார்ப்பது போலிருந்தது.

"அப்ப யாருக்குமே தெரியாதா" என்றாள்.

பிறகு மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, விழுங்கிவிட்டதைக் காட்ட எனக்கு வாயைத் திறந்து காட்டினாள்.